உலாவி திடீரென்று பக்கம் திறக்க மறுத்தால்

நேற்றுவரை ஒழுங்காக ஓடிய குரோம் இன்று எந்தப் பக்கத்தையும் திறக்காமல் சுற்றிக்கொண்டே நிற்கிறது. அல்லது ஒரு சாம்பல் நிற டைனோசரைக் காட்டிவிட்டுப் படுத்துவிடுகிறது. பெரும்பாலானோர் உடனே ரவுட்டரை நிற்பாட்டிப் போடுவார்கள். அதுவும் சரிவராவிட்டால் "நெற் இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். ஆனால் அந்த இரண்டு சொற்களுக்குள் குறைந்தது பத்து விதமான பழுதுகள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் பாதியை வீட்டிலேயே ஐந்து நிமிடத்தில் தீர்த்துவிடலாம்.

ஒரு பக்கம் திரைக்கு வருவதற்கு முன் சில வேலைகள் வரிசையாக நடந்தாக வேண்டும். உங்கள் கருவி வைபை, கேபிள், சிம் ஏதோ ஒன்றின் வழியாக வலையமைப்போடு தொடுப்பில் இருக்க வேண்டும். நீங்கள் தட்டச்சு செய்த தளப்பெயருக்கு உரிய எண் முகவரியை உலாவி கண்டுபிடிக்க வேண்டும். இதைச் செய்துகொடுக்கும் ஏற்பாடுதான் டி.என்.எஸ். பிறகு அந்த முகவரியில் உள்ள சேவையகத்தோடு (தளத்தை வைத்திருந்து அனுப்பும் கணினியோடு) பேசி, அது சொல்லப்பட்ட தளம்தானா என்று அதன் சான்றிதழைச் சோதிக்க வேண்டும். அதன் பிறகுதான் பக்கம் வரும். இரணைமடுக் குளத்தில் தண்ணீர் இருந்தும் வயலுக்கு வரவில்லை என்றால் யாரும் மண்வெட்டியை மாற்றுவதில்லை. துருசிலிருந்து வாய்க்கால் வழியே நடந்து எங்கே அடைத்திருக்கிறது என்றுதான் பார்ப்பார்கள். இங்கும் செய்யவேண்டியது அதுதான்.

பழுதை ஒடுக்கிக்கொண்டு வருவது

எதையும் மாற்றுவதற்கு முன் மூன்று விடயங்களைப் பாருங்கள். அதே வைபையில் இருக்கும் இன்னொரு போனில் பக்கம் திறக்கிறதா? திறந்தால் ரவுட்டரிலும் இணைப்பிலும் பழுதில்லை, உங்கள் கருவியில்தான் தேட வேண்டும். அதே கணினியை வேறு நிறுவனச் சிம் உள்ள ஒரு போனின் ஹொட்ஸ்பொட்டில் தொடுத்தால் திறக்கிறதா? திறந்தால் கணினி நல்லது, இணைப்பில்தான் கோளாறு. கடைசியாக, குரோமில் திறக்காத பக்கம் எட்ஜிலோ பயர்பொக்ஸிலோ திறக்கிறதா? திறந்தால் உலாவிக்குள் தேட வேண்டும்.

ஹொட்ஸ்பொட்டில் சோதிக்கும்போது ஒரு எச்சரிக்கை. வைபை என்றாலே அளவில்லாத டேட்டா என்று விண்டோஸ் நினைத்துக்கொள்ளும். பின்னால் அப்டேட் இறங்கத் தொடங்கினால் போனில் இருந்த டேட்டா முழுவதும் போய்விடும். அந்த வைபையின் அமைப்புக்குள் போய் "மீற்றர்ட் கனெக்ஷன்" என்பதை ஒன் செய்துவிட்டுச் சோதியுங்கள்.

பிழைப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு வரி இருக்கும். அதை யாரும் வாசிப்பதில்லை, விடயமே அதில்தான் இருக்கிறது. "இன்ரர்நெற் டிஸ்கனெக்ரட்" என்று இருந்தால் கருவிக்குத் தொடுப்பே இல்லை. "டி.என்.எஸ் புரோப்" என்று தொடங்கினால், அல்லது "நேம் நொட் ரிசோல்வ்ட்" என்று இருந்தால், பெயருக்கு முகவரி கிடைக்கவில்லை. (எல்லாத் தளங்களும் நன்றாகத் திறந்து ஒன்றுக்கு மட்டும் இப்படி வந்தால் பெயரை எழுத்துப் பிழையோடு அடித்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.) "ரைம்ட் அவுட்" என்றால் முகவரி கிடைத்தது, பதில் வரவில்லை. "சேர்ட்" என்ற சொல் இருந்தால் சான்றிதழ்ச் சிக்கல். "புரொக்சி" என்று இருந்தால் அது என்ன என்று கீழே வருகிறது. 500, 502, 503, 504 என்ற எண்கள் வந்தால் உங்கள் பக்கம் ஒரு பிழையும் இல்லை, சேவையகம் திணறுகிறது. க.பொ.த. முடிவுகள் வெளியாகும் நாளில் நாடு முழுவதும் ஒரே தளத்தில் விழும்போது இப்படித்தான் நடக்கும். மீண்டும் மீண்டும் ரிஃப்ரெஷ் அழுத்துவது நெரிசலைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

வட்ஸ்அப் போகிறது, கூகிள் திறக்கவில்லை

மாங்குளமோ மல்லாவியோ ஒட்டுசுட்டானோ, வன்னியின் பல வீடுகளில் இணையம் என்றால் சிம்தான். அதனால் இந்தக் கோளாறைத்தான் அதிகம் காணலாம். போனில் சமிக்ஞைக் கோடுகள் எல்லாம் நிறைந்திருக்கின்றன, வட்ஸ்அப்பில் செய்தி போகிறது, வருகிறது. உலாவி மட்டும் ஒன்றும் திறக்காது. போன் பழுது என்று கடைக்குக் கொண்டு போகாதீர்கள். நீங்கள் போட்டிருப்பது வட்ஸ்அப்புக்கோ பேஸ்புக்குக்கோ யூடியூப்புக்கோ மட்டும் உரிய பக்கேஜாக இருக்கலாம். அந்தச் செயலிக்குரிய போக்குவரத்தை மட்டும் நிறுவனம் அடையாளம் கண்டு போகவிடும். மற்றதற்குப் பொது டேட்டா வேண்டும், அது முடிந்திருந்தால் கதவு மூடப்படும்.

இதில் பலரைக் குழப்புவது ஒன்றுண்டு. வட்ஸ்அப் குழுவில் வந்த இணைப்பைத் தட்டினால் திறக்காது. வட்ஸ்அப்புக்குள் இருந்து தட்டினாலும் அது போய்த் திறப்பது உலாவியில், அந்தப் போக்குவரத்து வட்ஸ்அப் கணக்கில் வராது. இரவு டேட்டாவும் இப்படித்தான். மீதி 10 ஜிபி என்று காட்டும். அதில் பெரும்பகுதி நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் பயன்படுவதாக இருந்தால் பகலில் அது இருந்தும் இல்லாததுதான். நிறுவனத்தின் செயலியில் மொத்த மீதியைப் பார்க்காமல் வகை வகையாகப் பிரித்துப் பாருங்கள்.

டேட்டா முடிந்தால் ரீலோட் பண்ணச் சொல்லும் பக்கம் வருமே, இப்போது ஏன் வருவதில்லை என்று கேட்கலாம். இன்று ஏறத்தாழ எல்லாத் தளங்களும் எச்.ரி.ரி.பி.எஸ் வழியில் பூட்டிய தொடுப்பில் வருகின்றன. இடையில் நிறுவனம் தன் அறிவிப்பைச் செருகப் பார்த்தால் உலாவி அதை மோசடி என்று நினைத்துத் தடுத்துவிடும், நீங்கள் காண்பது வெறும் பிழைப் பக்கம். அந்த அறிவிப்பைப் பார்க்க வேண்டுமென்றால் முகவரிப் பட்டையில் நெவர்எஸ்எஸ்எல் டொட் கொம் என்ற முகவரியை ஆங்கிலத்தில் அடியுங்கள். அது வேண்டுமென்றே பூட்டில்லாமல் வைக்கப்பட்ட தளம். விடுதி, பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் வைபைக்குள் நுழையும் கடவுச்சொல் பக்கம் எட்டிப் பார்க்காவிட்டாலும் இதே வழிதான்.

இன்னொன்று, சமிக்ஞைக் கோடுகள் உங்களுக்கும் கோபுரத்துக்கும் இடையே உள்ள தொடுப்பை மட்டும் காட்டும். கோபுரத்துக்குப் பின்னால் இணைப்பு அறுந்திருந்தாலும் கோடுகள் நிறைந்தே இருக்கும். நீண்ட மின்வெட்டில் கோபுரத்தின் பற்றரி இறங்கினால் அந்தக் கோபுரமே நின்றுவிடும். அப்போது போன் தூரத்துக் கோபுரம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தள்ளாடும். கரண்ட் வந்த பிறகும் சில போன்கள் பழைய கோபுரத்தையே பிடித்துக்கொண்டிருக்கும். பிளேன் மோட்டைப் பத்து விநாடி ஒன் செய்து எடுங்கள், புதிதாகத் தேடிப் பிடிக்கும்.

பெயர் கிடைக்காத நோய்

டி.என்.எஸ் 1983இல் வந்தது. அதன் வேலை இன்றும் மாறவில்லை. மனிதர் நினைவில் வைக்கும் பெயரை, இயந்திரம் தேடும் எண்ணாக மாற்றித் தருவது. உங்களுக்காக இதைச் செய்வது பொதுவாக இணைய நிறுவனத்தின் சேவையகம். அது படுத்தால் இணைப்பு முழு உயிரோடு இருந்தும் ஒரு தளமும் திறக்காது.

அதுதானா என்று கண்டுபிடிப்பது சுலபம். விண்டோஸில் தொடக்கப் பட்டியலைத் திறந்து சி.எம்.டி என்று மூன்று ஆங்கில எழுத்தை அடித்து என்டர் அழுத்துங்கள். வரும் கறுப்புப் பெட்டியில் பிங் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டு 8.8.8.8 என்று போடுங்கள். இது கூகிளின் பொது டி.என்.எஸ் சேவையகத்தின் முகவரி. "ரிப்ளை ஃபுரொம் 8.8.8.8" என்று நான்கு வரி வந்தால் இணையம் வரை பாதை இருக்கிறது. அடுத்து அதே பிங் கட்டளையில் எண்ணுக்குப் பதிலாகக் கூகிள் டொட் கொம் என்று போடுங்கள். முதலாவது வேலை செய்து இரண்டாவது "குட் நொட் ஃபைன்ட் ஹோஸ்ற்" என்று சொன்னால் டி.என்.எஸ்தான், சந்தேகமில்லை. முதலாவதே "ரைம்ட் அவுட்" என்றால் பாதையே இல்லை, ரவுட்டர் பக்கம் போங்கள்.

தீர்வாக, விண்டோஸ் 11இல் செற்றிங்ஸ், நெற்வேர்க் அன்ட் இன்ரர்நெற், வைபை, ஹாட்வெயர் புரொப்பர்ட்டீஸ் என்று உள்ளே போனால் "டி.என்.எஸ் சேர்வர் அசைன்மென்ற்" இருக்கும். எடிற் அழுத்தி மனுவல் தெரிவு செய்து, ஐபிவி4ஐ ஒன் செய்து, முதல் கட்டத்தில் 1.1.1.1, அடுத்த கட்டத்தில் 8.8.8.8 என்று இட்டுச் சேமியுங்கள். முதலாவது கிளவுட்ஃபிளேயர் என்ற நிறுவனத்துடையது. உடனே மாறாவிட்டால் கணினியை ரீஸ்டார்ட் பண்ணுங்கள். ஷட் டவுன் பண்ணித் திரும்பப் போடுவது போதாது. ஃபாஸ்ற் ஸ்டார்ட்அப் இருக்கும் விண்டோஸ் ஷட் டவுனில் உள்நிலையை டிஸ்கில் எழுதிவைத்து மறுநாள் அதையே எடுத்து ஓடும், பழைய பிழையும் கூடவே வரும். ரீஸ்டார்ட்தான் உண்மையில் புதிதாகத் தொடங்குவது.

ஆன்ட்ரொய்ட் 9, அதற்குப் பிந்திய போன்களில் "பிரைவேட் டி.என்.எஸ்" என்ற அமைப்பு இருக்கிறது. விளம்பரத்தைத் தடுக்கலாம் என்று யூடியூப்பில் பார்த்துவிட்டு அதில் ஒரு பெயரை எழுதியவர்கள் நிறையப் பேர். அந்தச் சேவை நின்றால் போனில் எதுவும் திறக்காது. அதை "ஓட்டோமற்றிக்" என்று மாற்றினால் முடிந்தது.

கடிகாரம் பிழைத்தால் வலையும் பிழைக்கும்

காலையில் கொமினிகேசன் கடையைத் திறந்து கணினியைப் போட்டால் எல்லாத் தளத்துக்கும் "உங்கள் தொடுப்பு பாதுகாப்பானதல்ல" என்று சிவப்பு எச்சரிக்கை. வைரஸ் என்று நினைத்து விண்டோஸையே புதிதாகப் போடுபவர்களும் உண்டு. திரையின் வலது கீழ் மூலையைப் பாருங்கள். திகதி 2012 என்றோ 2009 என்றோ இருக்கும்.

ஒவ்வொரு தளத்தின் சான்றிதழிலும் இன்ன திகதியிலிருந்து இன்ன திகதிவரை செல்லும் என்று எழுதியிருக்கிறது. உலாவி அதை உங்கள் கணினியின் கடிகாரத்தோடுதான் ஒப்பிடும், வேறு எதோடும் அல்ல. கணினி 2012இல் இருந்தால் நேற்று எடுத்த சான்றிதழ் அதற்கு இன்னும் பிறக்காத சான்றிதழ். 2020 செப்டெம்பருக்குப் பின் வழங்கப்பட்ட சான்றிதழ்களுக்கு 398 நாட்களுக்கு மேல் ஆயுள் இல்லை என்று ஆக்கினார்கள். இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்கள் 90 நாட்கள்தான். உச்சவரம்பு 2029 மார்ச் 15 முதல் 47 நாட்களாகக் குறைய இருக்கிறது. ஆகவே சில மாதம் பிந்திய கடிகாரமே இப்போது போதும் சிக்கலுக்கு.

ஏன் காலையில் மட்டும் வருகிறது? டெஸ்க்டொப்பின் மதர்போட்டில் நாணயம் போன்ற ஒரு பற்றரி இருக்கிறது. சுவர் சுவிட்சை நிற்பாட்டிய பிறகு நேரத்தைக் காப்பது அதுதான். சுவிட்ச் போட்டிருக்கும்வரை மின்வழங்கியே கடிகாரத்துக்கு உயிர் கொடுப்பதால் பற்றரி செத்தது தெரியாது. மின்னலுக்குப் பயந்து இரவில் பிளக்கைக் கழற்றும் வழக்கம் உள்ள இடங்களில் மறுநாள் காலை தெரிந்துவிடும். பிளக்கைக் கழற்றுவது சரியான வேலை, அதை விடாதீர்கள். பற்றரியை மாற்றுங்கள். அதன் பெயர் சி.ஆர் 2032, 3 வோல்ற். 20 மில்லிமீற்றர் அகலம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு. இலக்கத்திலேயே அளவு இருக்கிறது. மின்சாரத்தை முழுதாகக் கழற்றி, பக்கத்துப் பிடியை நகத்தால் மெல்லத் தள்ளினால் பற்றரி துள்ளி எழும். புதியதைச் சக அடையாளம் மேலே தெரியும்படி வைத்து அழுத்துங்கள். லப்டொப்பில் அது வயரோடு வேறு விதமாக இருக்கலாம், பழக்கமில்லாவிட்டால் கடைக்காரரிடம் விடுங்கள்.

பற்றரி வாங்கும்வரை, நேரத்தைக் கையால் திருத்தலாம். "சிங்க் நவ்" என்ற பொத்தானை நேராக அழுத்தினால் பெரும்பாலும் சரிவராது. கடிகாரம் 15 மணித்தியாலத்துக்கு மேல் விலகியிருந்தால் வீட்டுக் கணினியில் உள்ள விண்டோஸ் பொதுவாகத் தானாகத் திருத்த மறுக்கும். முதலில் திகதியையும் நேரத்தையும் கையால் ஏறத்தாழச் சரியாக வைத்து, நேர வலயத்தில் ஸ்ரீ ஜெயவர்த்தனபுர என்பதைத் தெரிவு செய்து, அதன் பிறகு சிங்க் செய்யுங்கள்.

போன்களில் இது அரிது. ஆனால் விளையாட்டில் காத்திராமல் அடுத்த உயிரைப் பெறப் பிள்ளைகள் திகதியை முன்னே தள்ளிவிட்டுத் திருப்பி வைக்க மறந்துவிடுவார்கள். வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

நேரம் சரியாக இருந்தும் வங்கித் தளம் ஒன்றுக்கு மட்டும் சான்றிதழ் எச்சரிக்கை வந்தால், "அட்வான்ஸ்ட்" அழுத்தி உள்ளே போகவே வேண்டாம். வேறு இணைப்பில் பாருங்கள், இல்லாவிட்டால் வங்கிக்கு அழையுங்கள்.

மறந்துபோன வி.பி.என், புரொக்சி

2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டபோது பலர் கிடைத்த இலவச வி.பி.என் (போக்குவரத்தை வேறொரு சேவையகம் வழியாகச் சுற்றி அனுப்பும் செயலி) எல்லாவற்றையும் இறக்கினார்கள். தடை போனது, செயலி போகவில்லை. சில வி.பி.என்கள் தங்கள் சேவையகம் கிடைக்காவிட்டால் மற்றப் போக்குவரத்தையும் தடுக்கும்படி செய்யப்பட்டவை. போனின் மேல்பட்டையில் சாவி அடையாளம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். செற்றிங்ஸில் வி.பி.என் பகுதிக்குப் போய் "ஓல்வேய்ஸ் ஒன்" ஒன் ஆகியிருக்கிறதா என்று பார்த்து அணைத்துவிட்டு, தேவையில்லாத செயலியை நீக்குங்கள்.

புரொக்சி என்பது அலுவலகம், பாடசாலை போன்ற இடங்களில் எல்லாப் போக்குவரத்தையும் ஒரு இடைக் கணினி வழியாக அனுப்பும் ஏற்பாடு. அங்கே பாவித்த லப்டொப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அது இல்லாத இடைக் கணினியைத் தேடிக்கொண்டே இருக்கும். நெற்வேர்க் அமைப்பில் புரொக்சி என்ற பகுதியில் "யூஸ் எ புரொக்சி சேர்வர்" என்பதை ஓஃப் செய்யுங்கள். அணைத்தும் தானாகத் திரும்ப ஒன் ஆகிறதென்றால் தீம்பொருள் புகுந்திருக்கலாம்.

குரோமில் மட்டும் திறக்கவில்லை என்றால்

கொன்ட்ரோல், ஷிப்ட், என் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் மறைவுச் சாளரம் வரும். அதில் நீட்சிகள் (உலாவியில் கூடுதலாகச் சேர்க்கும் எக்ஸ்ரென்சன்கள்) வழமையாக இயங்காது. அங்கே பக்கம் திறந்தால் ஏதோ ஒரு நீட்சி, அல்லது குக்கி, அதாவது அந்தத் தளம் உலாவியில் சேமித்து வைத்த பழைய குறிப்பு. நீட்சிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், விளம்பரத் தடுப்பானில் தொடங்குங்கள். ஒரு தளம் மட்டும் திறக்காவிட்டால் முகவரிப் பட்டையின் இடப்பக்க அடையாளத்தை அழுத்தி அந்தத் தளத்தின் தரவை மட்டும் அழியுங்கள். எல்லா வரலாற்றையும் வழித்துத் துடைப்பது தேவையில்லாத வேலை. எல்லாக் கணக்குகளிலிருந்தும் வெளியே வந்து நிற்பீர்கள், கடவுச்சொல் நினைவில் இருக்காது.

குரோமின் பாதுகாப்பு அமைப்பில் "செக்கியூர் டி.என்.எஸ்" என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதில் வேறு சேவையைக் கொடுத்திருந்தால் குரோம் மட்டும் படுத்து எட்ஜ் ஓடும். அதையும் ஒருமுறை பாருங்கள்.

விண்டோஸ் 7 ஓடும் கணினிகள் இன்னும் பாவனையில் உள்ளன. குரோம் அதற்குத் தந்த கடைசிப் பதிப்பு 109, அது 2023 ஜனவரியில் வந்தது. பழைய விண்டோஸின் சான்றிதழ்ப் பட்டியலும் பழையது, அதனால் சில தளங்கள் ஒருநாள் திடீரென்று திறக்காமல் போகும். பயர்பொக்ஸ் தன் சான்றிதழ்ப் பட்டியலைத் தானே கொண்டுவருவதால் அப்படியான கணினிகளில் அதன் 115 ஈ.எஸ்.ஆர் (நீண்டகால ஆதரவுள்ள) பதிப்பு கைகொடுக்கும். வங்கி வேலைக்கு அந்தக் கணினியைப் பாவிக்க வேண்டாம். ஆன்ட்ரொய்ட் 7.0, அதற்கு முந்திய போன்களில் லெட்ஸ் என்கிரிப்ட் பாவிக்கும் தளங்கள் 2024 செப்டெம்பர் 30க்குப் பிறகு எச்சரிக்கை காட்டுவதற்கும் காரணம் இதே பழைய பட்டியல்தான்.

ரவுட்டரும் மின்னலும்

ஃபைபர் இணைப்பென்றால் "லொஸ்" என்ற விளக்கைப் பாருங்கள். சிவப்பாக எரிந்தால் அல்லது மின்னினால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது அல்லது மடிந்திருக்கிறது, உள்ளே எதை மாற்றியும் பயனில்லை. சிம் போடும் 4ஜி ரவுட்டரில் சமிக்ஞை விளக்கைப் பாருங்கள், யன்னலோரம் உயரமாக வைத்தாலே பல இடங்களில் நிலைமை மாறும். எந்த ரவுட்டரையும் அணைத்தால் 30 விநாடி கழித்தே போடுங்கள், போட்ட பிறகு இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள்.

ஐப்பசி, கார்த்திகை இடி மின்னலுக்குப் பிறகு வைபையில் நெற் வந்து கேபிளில் வராவிட்டால் ரவுட்டரின் அந்தத் துளை கருகியிருக்கலாம். கேபிளை அடுத்த துளைக்கு மாற்றுங்கள். அங்கும் சின்ன விளக்கு எரியாவிட்டால் வேறு கேபிள், அதுவும் இல்லையென்றால் கணினியின் துளை போயிருக்கிறது. தொலைபேசிக் கம்பி வழியாக வரும் இணைப்பென்றால் மழை இருட்டும்போது மின் பிளக்கோடு அந்தக் கம்பியையும் கழற்ற வேண்டும். பலர் பிளக்கை மட்டும் கழற்றுகிறார்கள், மின்னல் மற்ற வழியால் வந்து ரவுட்டரை எரித்துவிட்டுப் போகிறது.

இவ்வளவும் பார்த்து, வேறு இணைப்பில் உங்கள் கருவிகள் எல்லாம் ஓடுகின்றன, உங்கள் இணைப்பில் ஒன்றும் ஓடவில்லை என்றால் நிறுவனத்துக்கு அழையுங்கள். "நெற் வேலை செய்யுதில்லை தம்பி" என்று தொடங்கினால் ரவுட்டரை ஓஃப் பண்ணி ஒன் பண்ணச் சொல்வார்கள். எத்தனை மணியிலிருந்து, எந்த விளக்கு என்ன நிறம், 8.8.8.8க்குப் பிங் என்ன சொன்னது, எத்தனை கருவியில் பார்த்தீர்கள் என்று நான்கையும் சொல்லி, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.